அம்மா படுத்துக் கேட்ட பாட்டு

போன மாதம் கண் டாக்டரைப் பார்க்கப் பேத்தியோடு பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தேன். காத்திருக்கும் அறையின் கூரை ஸ்பீக்கரில் சன்னமாக ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி உச்சக் குரலில் பாடுவது. இது எனக்குத் தெரிந்த பாட்டு என்றேன். பேத்தி நம்பவில்லை. போனைக் கூரைப் பக்கம் தூக்கிக் காட்டினாள். அது ஓபரா பாட்டு என்று போன் சொன்னது. அதோடு விடாமல், பாட்டின் வேகம் இவ்வளவு, சுருதி இது, மனநிலை மகிழ்ச்சி என்றும் எழுதிக் காட்டியது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். வேகமும் சுருதியும் எனக்கு என்ன தெரியும்? ஆனால் அந்த மகிழ்ச்சியைப் பற்றி போனோடு கொஞ்சம் வாதாடலாம் என்று தோன்றியது. அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டேன். எனக்கு எப்போதும் அப்படித்தான், வாயில் வருவது வெளியே வராது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது இருக்கும். அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாள வேலை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்சில் ஓர் அறை, ஓர் அடுப்படி. அம்மா மேட்டு பங்களாவில், ஒரு வெள்ளைக்கார அதிகாரி வீட்டில், துடைக்கவும் துவைக்கவும் போவாள். அந்த வீட்டுத் துரைசாணிக்குப் பாட்டென்றால் பைத்தியம். புதிதாகப் பெரிய ரெக்கார்டு பெட்டி வந்ததும் பழைய சின்னப் பெட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். கூடவே, அதே பாட்டில் புதிது ஒன்று வாங்கிவிட்டதால், கீறல் விழுந்த பழைய பாட்டுத் தட்டு ஒன்று. அம்மா இரண்டையும் தலையில் வைத்து மேட்டிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தாள்.

தட்டு ஒன்றுதான், ஆகவே எங்கள் வீட்டில் பாட்டும் ஒன்றுதான். பெட்டியில் ஒரு சின்ன விசை இருந்தது. அதைத் தள்ளினால் தட்டு வேகமாகவோ மெதுவாகவோ சுற்றும். அம்மா மெதுவான இடத்தில்தான் வைப்பாள். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, சிமெண்டுத் தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்த பிறகு, என்னை ஊசி வைக்கச் சொல்வாள்.

ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு கனத்த குரல் வரும். மூட்டை தூக்கிக்கொண்டு மேடு ஏறுகிற ஆள் போல நின்று நின்று வரும். கீறல் விழுந்த இடத்தில் ஒரு தரம் விக்கும். அப்பா வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே, யார் வீட்டில் சாவு என்று கேட்பார். அம்மாவுக்குக் கண் மூடியிருக்கும், கால் கட்டைவிரல் மட்டும் அசையும். பாட்டு முடிந்தால் லேசாகக் கையைத் தூக்குவாள், நான் மறுபடி ஊசியை எடுத்து வைப்பேன். அந்த அரை மணி நேரம் யாரும் அவளிடம் எதுவும் கேட்கக் கூடாது. பசியானாலும் சரி, முட்டியில் அடிபட்டாலும் சரி. விடிந்து எழுந்தால் படுக்கும்வரை அவளுக்கென்று இருந்தது அந்த நேரம் மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கிள்ளானிலிருந்து வந்தார். அம்மாவின் தம்பி. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவரிடம் வேலை பார்த்தார். பாட்டுப் பெட்டி விஷயத்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்பார், பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது. அன்றைக்கு அம்மாவுக்கு அரை நாள் வேலை. வந்து படுத்திருந்தாள். மாமா வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

“என்னக்கா இது, நாப்பத்தஞ்சு வேகத்துல ஓட வேண்டிய தட்டை முப்பத்தி மூணுல விட்டிருக்க. பாவம்லா அந்தப் பொம்பள, தொண்டை கட்டுன எருமையாட்டம் ஆக்கிட்ட.”

சொல்லிக்கொண்டே விசையைத் தள்ளினார். குரல் வயிற்றிலிருந்து கூரைக்குத் தாவியது. பெண்தான், அதுவும் சிரித்துச் சிரித்துப் பாடுகிற பெண். நானும் என் தம்பியும் குதிக்க ஆரம்பித்தோம். பக்கத்து வீட்டு அக்கா ஈரக் கையோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தார். இப்போதுதான் பாட்டு மாதிரி இருக்கிறது என்று அப்பாகூட ஒப்புக்கொண்டார்.

அம்மா கண்ணைத் திறந்தாள். எழுந்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்தாள். காலையிலேயே நான் கூட்டி வைத்திருந்த தரையை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை கூட்டினாள். பாட்டு முடியவும் அவள் வாசலுக்கு வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

“பாத்தீங்களா மச்சான், பாட்டக் கேட்டதும் அக்காவுக்கு எப்படித் தெம்பு வந்திருச்சு” என்றார் மாமா. எல்லாரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள்.

விசையைத் தள்ளி விளையாடியது பிள்ளைகள்தான் என்று மாமா தீர்மானித்து, எனக்கும் தம்பிக்கும் தலைக்கு ஒரு குட்டு வைத்தார். மாமா பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, விசை இனி நகராதபடி உள்ளே திருகாணியை முடுக்கிவிட்டார். பிறகு தேநீர் கொடுக்கும்போது அம்மா மெல்லச் சொன்னாள்.

“அங்க பங்களாவுல அந்தப் பாட்டு முடியறதுக்குள்ள மாடிப்படி முழுக்கத் துடைச்சு முடிக்கணும் தம்பி. துரைசாணி விளையாட்டா வெச்ச வழக்கம். தினம் அதுலதான் ஓடுறேன். இங்க படுத்துக் கேக்கலாம்னுதான் மெதுவா வெச்சிருந்தேன்.”

மாமா தேநீரை ஊதிக்கொண்டே, “படுத்துக் கேக்க நல்ல தமிழ்ப் பாட்டாக் கொண்டாறேங்கா. இது அப்படி வெச்சா தப்பு” என்றார்.

கெட்டவர் இல்லை. அக்கா மேல் உயிர். தப்பாக ஓடும் ஒன்றைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். தமிழ்ப் பாட்டுத் தட்டு கடைசிவரை வரவில்லை. அம்மாவுக்கு இரண்டாம் தடவை கேட்கத் தெரியாது.

அதன்பின் பெட்டி எங்கள் விளையாட்டுச் சாமான் ஆயிற்று. அம்மா படுப்பதை விட்டுவிட்டாள். அந்த நேரத்தில் வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். நாங்கள் பாட்டைப் போட்டால் அவள் விரல்கள் விறுவிறுவென்று ஓடும். பிற்காலத்தில் நானும் மேரு என்ற ஊரில் ஒரு கையுறை ஆலையில் மணிச் சத்தத்துக்கு எழுந்து மணிச் சத்தத்துக்கு உட்கார்ந்தேன். வேலையை விட்டு வெகுநாள் கழிந்தும், எங்கேயாவது மணி அடித்தால் கால் தானே எழுந்துகொள்ளும். அதெல்லாம் பிறகு. அந்த வயதில் எனக்குத் தெரிந்தது மாமா சொன்னது ஒன்றுதான், பாட்டைக் கேட்டால் அம்மாவுக்குத் தெம்பு வரும்.

மழைக்காலத்தில் அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. வேலைக்குப் போகவில்லை. கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். கஞ்சி வைத்த இடத்திலேயே ஆறிக் கிடந்தது. அப்பா வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பெட்டியை அம்மாவின் தலைமாட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் ஊசியை வைத்தேன்.

பாதிப் பாட்டில் கம்பளி அசைந்தது. அம்மா கையை ஊன்றி எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய், வாளியையும் துணியையும் எடுத்து வந்தாள். முட்டி போட்டு, தலை தொங்க, தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். நெற்றி வேர்வை சொட்டச் சொட்ட அதையும் சேர்த்துத் துடைத்தாள். பாட்டு முடியும் முன்னே அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு வந்துவிட்டாள்.

நான் கைதட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

“அப்பா, அம்மாவுக்குச் சரியாப் போச்சுப்பா.”