ஆரல்வாய்மொழியில் விண்வள்ளம்

வேனில் இருந்தவர்கள்: கிட்டார் ஜெபின். கீபோர்டு ஷைனி. டிரம்ஸ் சுயம்பு. ஓட்டியது நான்.

காலை ஆறரைக்கு மார்த்தாண்டத்தில் கிளம்பினோம். ஆரல்வாய்மொழிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஆனி மாதம், கணவாயில் காற்று நிற்காது. அந்தக் காற்றோடு சேர்த்து இரண்டு பாட்டுப் பதிவு செய்தால் போதும், அதுதான் மூன்றாவது ஆல்பம். மறுநாள் ஜெபினுக்குத் தோகா விமானம், வேலைக்குப் போகிறான். வேறு நாள் கிடையாது.

குழுவின் பெயர் விண்வள்ளம். ஆரம்பத்திலிருந்து என் வண்டிதான். பாட்டில் சொல் குறைவு. கிட்டார் இழுத்துக்கொண்டே போகும், கீபோர்டு அடியில் முனகும். கண்ணை மூடினால் வானத்தில் மிதக்கிற மாதிரி இருக்கும். எனக்கு முதலில் தலைவலி வந்தது. பிறகு பழகிவிட்டது.

முதல் ஆல்பம் 'உப்பு நிலா'. குலசேகரத்தில் ஷைனி வீட்டு ரப்பர் ஷீட் காயப்போடும் அறையில் பதிந்தது. எட்டுப் பாட்டு. அடுத்தது 'சனிக்கோளுக்குப் போகும் பஸ்'. மூன்றே பாட்டு, ஒவ்வொன்றும் நீளம். ஷைனியின் அப்பா கேட்டுவிட்டு, மிக்சி ரிப்பேரா என்றாராம்.

ஏழே முக்காலுக்குத் தோவாளை. பூச்சந்தைப் பக்கம் டீ குடித்தோம், பதினைந்து ரூபாய். ஜெபின் குடிக்கவில்லை. தோகாவுக்குக் கிட்டார் கொண்டு போகிறாயா என்று கேட்டேன். ஒரு ரூமில் எட்டுப் பேர், வைக்க இடமில்லை என்றான்.

எட்டேகாலுக்கு, காற்றாலைக் காற்றாடிகளுக்கு நடுவே மண்பாதையில் நிறுத்தினோம். அங்கே கரண்ட் இல்லை. வேன் பேட்டரியில் இன்வெர்ட்டர் மாட்டி கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கும் கீபோர்டுக்கும் கொடுத்தோம். ரிக்கார்டருக்குத் தனி பேட்டரி. இன்ஜினை ஓட விடவா என்றேன்.

"வேண்டாம்ணே, அந்தச் சத்தமும் பதிஞ்சிரும்," என்றான் ஜெபின்.

முதல் பாட்டுக்குப் பேசி வைத்தது பத்து நிமிடம். ஜெபின் நிறுத்தவில்லை. ஷைனி கை காட்டினாள். கண்ணை மூடியிருந்தான், பார்க்கவில்லை. பிறகு அவளும் அவன் பின்னால் போய்விட்டாள். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். சட்டென்று கிட்டார் செத்தது. கீபோர்டும் செத்தது. டிரம்சும் காற்றும் மட்டும் கேட்டன. சுயம்பு மெல்ல மெல்லத் தணித்து நிறுத்தினான்.

சாவியைத் திருப்பினேன். வேன் பேட்டரியில் ஒன்றும் மிச்சமில்லை.

"ஏலே மக்கா, நாளைக்கு பிளேன் ஏறுகவன் இன்னைக்கு வேன் தள்ளு," என்றான் சுயம்பு.

மூன்று பேரும் தள்ளினார்கள். இறக்கத்தில் இன்ஜின் பிடித்தது. இனி அதை அணைக்க முடியாது, ஓடினால் பதிய முடியாது. மத்தியானம் ஜெபின் வீட்டில் வழியனுப்பு ஜெபம், போதகர் வருவார். திரும்பினோம்.

ஷைனி ஹெட்செட்டில் கடைசி வரை கேட்டாள். இரண்டாவது பாட்டுக்கு என்ன செய்ய என்று கேட்டாள்.

"அதுவும் இதுக்குள்ளயே வந்தாச்சு, ஷைனி. இனி எங்கிட்ட ஒண்ணும் இல்ல," என்றான் ஜெபின்.

நாகர்கோவில் வரை காற்று வேனை இடப்பக்கம் தள்ளிக்கொண்டே வந்தது.

அவன் போன பிறகு ஆல்பம் வெளிவந்தது. வேனில் போடுகிறேன். சவாரி வருகிறவர்கள் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றுவதற்கு அடுத்த பாட்டு அதில் இல்லை. பெயர் 'ஆனிக் காற்று'. மொத்தப் பாட்டு ஒன்று.