தலைகீழாக வந்த முதல் வரி

1992, ஆனி மாதம். ராஜபாளையத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுக்கும் வேலையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அன்று காலை நடந்தது இதுதான்:

1. மில்லில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு ஈ.சி.ஜி. எடுத்தேன்.
2. தாளில் முதல் வரியே தலைகீழாக வந்தது, மேலே எழ வேண்டிய அலை கீழே இறங்கியிருந்தது.
3. வலது கை ஒயரையும் இடது கை ஒயரையும் மாற்றிப் பொருத்திவிட்டேன் என்று நினைத்தேன்.
4. தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன்.
5. ஒயர்களை மாற்றினேன். அலை நேராக வந்தது.

மூன்றாவதைச் சரிபார்க்காமல் நான்காவதையும் ஐந்தாவதையும் செய்ததுதான் தவறு. சிவப்பு வலது கைக்கு, மஞ்சள் இடது கைக்கு. நிறத்தைப் பார்க்க ஒரு நொடி போதும். நான் பார்க்கவில்லை.

அந்தப் பெண் சேத்தூர்க்காரி. என் வயதுதான் இருக்கும். ஆறு மாதமாக இடது விலாவுக்குக் கீழே வலி, வாந்தி. அல்சர் மாத்திரை தின்றும் அடங்கவில்லை. நெஞ்சுவலியாக இருக்குமோ என்று பார்க்கத்தான் டாக்டர் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லியிருந்தார். கூட வந்த மாமியார் வாசலிலேயே ஆரம்பித்தது, உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் ஓயவில்லை.

"அம்புட்டும் நடிப்பு நர்சம்மா. ஷிப்டுக்கு நேரமாச்சுன்னா வலி வந்துரும். இன்னைக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா, நேரா அவ ஆத்தா வீட்டுல கொண்டு விட்டுட்டுப் போயிருவேன்."

அந்தப் பெண் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அடுத்து, அலையைப் பிடிக்க நெஞ்சில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பல்பு பொருத்த வேண்டும். தாலியைக் கழற்றி வைக்கச் சொன்னேன்.

"கழத்துறதா? எம்மவன் நல்லா இருக்க வேண்டாமா?" என்று மாமியார் எழுந்தே விட்டார்.

"ஒதுக்கி வச்சுக்கிடுதேன்க்கா" என்று அந்தப் பெண் தாலியை வலது மார்புப் பக்கம் தள்ளிவைத்தாள்.

பல்பை வழக்கம்போல் இடப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனேன். பெரிதாக வேண்டிய அலைகள் சிறுத்துக்கொண்டே வந்தன. பல்புக்கு அடியில் தடவும் ஜெல்லி போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் தடவினேன். அப்படியும் சிறுத்தன. ஏன் என்று யோசித்தபடி திரும்பியபோதுதான் தாலி கண்ணில் பட்டது. மூச்சுக்கு ஏற்ப அது மெல்ல ஏறி இறங்கியது. அதற்கு நடுவில், மூச்சோடு சேராமல், இன்னொரு அசைவு. டிக் டிக்கென்று விடாமல் துள்ளியது.

கையை வைத்துப் பார்த்தேன். இதயம் அங்கே அடித்துக்கொண்டிருந்தது.

"எப்பவும் இந்தப் பக்கந்தான் துடிக்குமா?"

"ஆமாக்கா. எல்லாருக்கும் அப்பிடித்தானே?"

"பாத்தியளா, நெஞ்சு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியல, அதுல வலி வேற!" என்றார் மாமியார்.

அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். இடது கையில் சிவப்பு ஒயர். அப்படியானால் முதலில் நான் சரியாகத்தான் பொருத்தியிருக்கிறேன். தலைகீழாக வந்த வரிதான் உண்மை. நேராக வந்தது நான் செய்த பொய். இந்தத் தாள் டாக்டர் மேஜைக்குப் போயிருந்தால், "ஒண்ணுமில்ல" என்ற சொல் என் கையிலிருந்தே போயிருக்கும்.

டாக்டரிடம் போய், ஒயரை மாற்றியது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வலப்பக்கம் வைத்துக் கேட்டார். நீண்ட நேரம் கேட்டார். பிறகு ஒயர்களை நிறப்படி பொருத்தி, பல்பை வலது மார்பில் வைத்து மறுபடி எடுக்கச் சொன்னார். முதல் வரி மறுபடி தலைகீழாகவே வந்தது, நெஞ்சில் எடுத்த அலைகள் உயர்ந்து வந்தன. எக்ஸ்ரேயும் எடுத்தோம். இதயத்தின் நுனி வலப்பக்கம் சாய்ந்திருந்தது. வலப்பக்கம் இருக்க வேண்டிய ஈரல் இடப்பக்கம். கண்ணாடியில் தெரியும் உருவம்போல உள்ளே எல்லாமே இடம் மாறியிருந்தது. ஆனாலும் ரத்தம் நுரையீரலுக்குப் போய், திரும்பி வந்து, உடம்பெங்கும் ஓடும் முறையில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் படத்தை விட்டு எனக்கு நகரவே மனம் வரவில்லை.

"ஈரல் இந்தப் பக்கம்னா பித்தப்பையும் இந்தப் பக்கம்தான். வலி அங்கதான்" என்றார் டாக்டர்.

மாமியார் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். "அப்ப இத மறச்சுல்ல எம்மவனுக்குக் கட்டிக் குடுத்திருக்காவ!"

"அவங்களுக்கே இன்னைக்குத்தான்மா தெரியும்" என்றார் டாக்டர். அந்தப் பெண் அன்று முதல்முறையாகச் சிரித்தாள். உடனே வலியில் விலாவைப் பிடித்துக்கொண்டாள். மாமியார்தான் தாங்கி உட்கார வைத்தார்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கற்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

இப்போது அவள் மறுபடியும் மில்லுக்குப் போகிறாள், தன் புருஷன் வீட்டில்தான் இருக்கிறாள். நான் அதே அறையில்தான் வேலை பார்க்கிறேன், அலை தலைகீழாக வந்தால் ஒயரைத் தொடுவதற்கு முன்னால் படுத்திருப்பவரைப் பார்க்கிறேன்.