வாங்கிய அரிசியில் ஒரு பிடி

மூன்று வருடத்துக்கு முன்னால், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் நடந்தது இது. நாங்கள் பள்ளிபாளையத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரரும் நானும் ஒரே தறிப்பட்டறையில் வேலை. அவர் தறி ஓட்டுவார், நான் நூல் சுற்றுவேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எனக்கு மட்டும் என்ன, எங்கள் கோயிலுக்கு வருகிற பல வீடுகளில் உண்டு. தினமும் உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிடுவோம். பிடி அரிசி என்போம். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்க மாதம் ஒரு கூட்டம் உண்டு. அதற்கு அவரவர் டப்பாவைக் கொண்டுவந்து ஒரே சாக்கில் கொட்டுவோம். கஷ்டப்படுகிற குடும்பம் எதற்காவது கோயிலிலிருந்து அது போய்ச் சேரும்.

சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உத்தியோகம் என்னுடையது. யார் டப்பா நிறைந்திருக்கிறது, யாருடையது பாதிதான் என்று கண் தானாகப் பார்த்துவிடும். இந்த மாத அரிசி யார் வீட்டுக்குப் போகும் என்று மனசுக்குள் கணக்குப் போடுவேன். வெளியே ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அதையே பெரிய புண்ணியம் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடம் வீட்டுக்காரர் வேலைக்குப் போகும் வழியில், பாலத்துக்குப் பக்கத்தில் பைக் சறுக்கி விழுந்து கால் முறிந்துபோனது. மாவுக்கட்டு. தறி ஓடினால்தான் வாரக் கூலி. அவரைத் தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டுமென்று நானும் வீட்டோடு இருந்துவிட்டேன். கொஞ்ச நாளில் ரேஷன் அரிசியும் தீர்ந்து, டிரம்முக்குள் கையை விட்டால் அடி தட்டியது. பழக்கதோஷத்தில் பிடி எடுக்கப் போகிற கையை அப்போதெல்லாம் பாதியில் இழுத்துக்கொள்வேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. வீட்டுக் கஷ்டம் வாசல் தாண்டக்கூடாது என்பதில் எனக்கு அவ்வளவு வீம்பு.

ஒரு சனிக்கிழமை காலை, கூட்டத்தில் என்னோடு சாக்குப் பிடிக்கிற அக்கா வந்தார். "தம்பிக்குக் கால் தேவலைங்களா?" என்று கேட்டுக்கொண்டே கையிலிருந்த மூட்டையைக் கதவோரம் வைத்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. போன கூட்டம் முடிந்தபோது என் கையால் நானே கட்டிய முடிச்சு, அவிழ்க்காமல் அப்படியே இருந்தது.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "எங்க ஊட்ல அரிசி இருக்குதுங்கக்கா. வேற யாருக்காச்சும் குடுத்துருங்க" என்றேன்.

"இருக்கட்டும் சாமி. இருக்கறதோட இதையும் சேத்து வெச்சுக்க. நான் வாரேன்" என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். உட்கார்ந்தால் நான் அழுதுவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் மூட்டையைக் கோயிலில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். இது யார் வீட்டுக்குப் போகும் என்று நான் போட்ட மனக்கணக்கை மற்றவர்களும் போடுவார்களே, அந்தக் கணக்கில் இனி நான் இருப்பேனே என்பதுதான் என் கவலை. ஆனால் மதியம் வீட்டுக்காரர் சாப்பிட்டுத்தான் மாத்திரை போட வேண்டும். பள்ளிக்கூடம் லீவு என்று மகளும் வீட்டிலிருந்தாள். கடைசியில் வீம்பு தோற்றது. உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன்.

அரிசியை அளந்து பாத்திரத்தில் போட்டேன். அடுத்த நொடி, நான் ஒன்றும் நினைக்கவே இல்லை, கை அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி டப்பாவில் போட்டுவிட்டது.

கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "ஏம்புள்ள, அவங்க குடுத்ததுலயே அவங்களுக்கு எடுத்து வெக்கறயா?" என்றார்.

திரும்ப எடுத்துவிடலாமா என்று டப்பாவுக்குள் கையை விட்டேன். மனசு வரவில்லை. அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

சோறு வெந்த கதையைக் கேட்க வேண்டுமே! பச்சரிசி குழைந்து களியாகிவிட்டது. இட்லி அரிசி நறுக்கு நறுக்கென்று நின்றது. ரேஷன் அரிசி ஒரு பக்கம், பொன்னி ஒரு பக்கம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கட்டியது நான்தான். இத்தனை வருடத்தில் இதை யாரோ பொங்கித் தின்ன வேண்டுமே என்று ஒருநாளும் தோன்றியதில்லை. வீட்டுக்காரர் ஒரு வாய் மென்றுவிட்டு, "ஒரு ஊரே இருக்குது புள்ள இந்தச் சோத்துல" என்றார். மகள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

சாப்பிடும் முன், அன்றாட உணவைத் தரும்படி விண்ணகத் தந்தையிடம் கேட்கிற ஜெபத்தைத்தான் நாங்கள் எப்போதும் சொல்வோம். அரிசி நிறைந்த டிரம்மைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டு மட்டும்தான் இருந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் நிஜமாகக் கேட்டேன். கேட்பதற்கு முன்பே, எத்தனையோ வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஆளுக்கொரு பிடியாக அதற்குப் பதில் சொல்லி முடித்திருந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் என் டப்பாவையும் கொண்டுபோய்க் கொட்டினேன். பாதிகூட இல்லை. அக்கா பார்த்தார். சாக்கின் வாயை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்துப் பிடித்தார், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் மறுபடி தறிக்குப் போக ஆரம்பித்துவிட்டார். கூட்டத்தில் இப்போது பச்சரிசிக்கு ஒன்று, புழுங்கலுக்கு ஒன்று, இட்லி அரிசிக்கு ஒன்று என்று பை வைத்திருக்கிறேன். "பெரிய அரிசி மண்டி" என்று கேலி செய்கிறார்கள், செய்துவிட்டுப் போகட்டும். முன்பெல்லாம் ஒரு பிடி எடுக்கும்போது தர்மம் செய்கிறேன் என்றுதான் நினைப்பேன். இப்போது எடுக்கும்போதெல்லாம், எங்கோ ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடக் காத்திருக்கிற ஒருவருக்குச் சோறு போடுகிறேன் என்றே தோன்றுகிறது.