கழுதைக்கு ஸ்கேன்

சென்ற மாதம்வரை கோச்சடையில் என் பெயருக்கு ஒரு கனம் இருந்தது. எம்.டி. பட்டம், நீண்ட கால பிராக்டிஸ், இந்தப் பகுதிக்கு முதன்முதலில் ஸ்கேன் மெஷின் கொண்டுவந்த டாக்டர் என்ற மரியாதை... இதை நானே சொல்லிக்கொள்வது அழகல்ல. ஆனால், இப்போது வேறு யாரும் சொல்வதில்லை.

காரணம், ஒரு கழுதை.

வைகைக் கரையில் துணி வெளுக்கும் வள்ளி, ஒரு காலையில் அதை என் கிளினிக் வாசலில் நிறுத்தினாள். குட்டி போட்ட கழுதை. மடியின் வலப் பக்கம் வீங்கிக் கல்லாகியிருந்தது. குட்டி, தள்ளுவண்டியில் சாக்கின்மேல் துவண்டு கிடந்தது.

கூடவே வந்த கால்நடை டாக்டர் சேவியர் என் நண்பர். "உள்ள சீழ்னா கத்தி வைக்கணும் சார். வெறும் பால்கட்டா இருந்து கத்தி வச்சுட்டா அந்தப் பக்கமே போயிரும். கையால பாத்துப் பிடிபடல. உங்க மெஷின்ல..."

கழுதைக்கு இருப்பதே இரண்டு காம்புகள். ஒன்று போனால் குட்டியின் கதி?

உள்ளே கர்ப்பிணிகள் வரிசை. என் கௌரவம் என்னாவது என்று நான் தயங்கியது உண்மை. அதற்குள், மகளோடு வந்திருந்த அம்மாள் ஒருவர் முந்திக்கொண்டார்.

"ஏத்தா, டோக்கன் வாங்கி நாங்க உக்காந்திருக்கோம். ஒன் கழுதைக்கு அம்புட்டு அவசரமா?"

"அதுக்கும் பிள்ளை கெடக்குத்தா."

அந்த அம்மாள் வண்டியை எட்டிப் பார்த்தார். "அப்ப மொதல்ல அதைப் பாருங்கய்யா."

கருவிக்கு ரப்பர் உறை மாட்டி, ஜெல் தடவி, மடியில் வைத்தேன். சீழ்க்கட்டி என்றால் தடித்த சுவரோடு ஒரு குழி தெரியும். தெரியவில்லை. தேங்கிய பால், நடுவே திப்பி திப்பியாகத் திரிந்த பால் — அவ்வளவே.

"இந்தப் பக்கம் கறக்கவே இல்லையா?" என்றார் சேவியர்.

"இடது பக்கந்தேன் கறந்து ஊர்க் கைப்பிள்ளைகளுக்குக் குடுக்கிறது. வலது பக்கம் குட்டி பங்குய்யா. சளி பிடிச்சு அது குடிக்கல. எந்திரிச்சதும் குடிக்கட்டும்னு ஆட்டுப்பாலைப் புகட்டிட்டு, அந்தப் பக்கத்தைத் தொடாம வச்சிருந்தேன்."

நேர்மையாலும் மடி கட்டும் என்று எந்தப் பாடப் புத்தகம் எழுதியிருக்கிறது?

"ஒத்தடம் குடுத்து அதையும் கறந்து விடுத்தா. கட்டு கரையிற வரைக்கும் குட்டிக்கு இடது பக்கத்துப் பாலைக் குடு," என்றார் சேவியர். கத்தி பைக்குள்ளேயே இருந்தது. குட்டி இப்போது என் தெருவில்தான் துள்ளித் திரிகிறது.

ஊர் என்ன பேசுகிறது? கர்ப்பிணிகள் படுக்கும் கட்டிலில் கழுதையைக் கிடத்தி ஸ்கேன் எடுத்தேனாம்.

தவறு. கழுதை படியேறவில்லை, மெஷின்தான் இறங்கிப் போயிற்று.