பொட்டு வைத்த ஃபேனும் சூசையின் வேலையும்

லாரி கொதிக்கிறது என்று ஒரு நல்ல டிரைவரை நான் வேலையை விட்டுப் போக வைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. ராஜபாளையத்தில் மில் நூல் வாங்கி, கேரளத்துக்கும் மதுரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். சொந்தமாக ஒரே ஒரு லாரி, அதுவும் செகண்ட் ஹேண்ட்.

டிரைவர் சூசை. மம்சாபுரத்துக்காரர். ஏழு வருடமாக வண்டி அவர் கையில்தான்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு வண்டியை நானே சிங்காரித்தேன். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்ததால், பின்னால் இருந்த எஞ்சின் ஃபேன் கைக்கு எட்டியது. அதையும் கழற்றி சில்வர் பெயின்ட் அடித்து, பொட்டு வைத்து, மறுபடியும் மாட்டினேன்.

(பொட்டும் பெயின்ட்தான். குங்குமம் வைத்தால் முதல் சுற்றிலேயே பறந்துவிடும்.)

நாலு போல்ட்டு. இதற்கு எதற்கு மெக்கானிக் என்ற நினைப்பு.

அடுத்த வாரம் செங்கோட்டை மலை ஏற்றத்தில் வண்டி கொதித்தது. சூசை திரும்பி வந்து சொன்னார்.

"மொதலாளி, ஃபேன் காத்து பத்தல. கழத்திப் பாப்பமா?"

"பூச போட்டு எட்டு நாளு ஆகல. அதுல கை வைக்காத. பெல்ட்ட மாத்து."

பெல்ட் மாற்றினோம். கொதித்தது.

தண்ணீர் ஓஸ் மாற்றினோம். கொதித்தது.

ரேடியேட்டரை மறுபடியும் கழற்றி அடைப்புப் பார்த்தோம். அடைப்பே இல்லை. ஆனாலும் கொதித்தது.

மூன்றாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே சூசை, வழியில எனக்குத் தெரியாம வேற லோடு ஏத்துதியோ?"

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஏழு வருசத்துல ஒரு நாளு ஏத்திருக்கேனா மொதலாளி?"

அவ்வளவுதான் பேசினார். போய்விட்டார்.

நான் அத்தோடு விடவில்லை. எனக்குத் தெரிந்த நாலு லாரி ஆபீசில், எஞ்சினைக் கொதிக்க விடுகிற ஆள் என்று சொல்லி வைத்தேன். எங்கள் ஊரில் அப்படி ஒரு பேர் விழுந்தால் போதும், யாரும் ஸ்டியரிங்கைத் தர மாட்டார்கள். சூசைக்கும் யாரும் தரவில்லை.

புதிதாக ஒரு டிரைவரை வைத்தேன். மதுரைக்கு லோடு. ஏற்றம் என்று எதுவும் இல்லாத ரோடு. எப்படி ஓட்டுகிறார் என்று பார்க்க நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

குறை சொல்ல முடியாத ஓட்டு. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தொடும் முன்பே எஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது.

"வண்டில கோளாறு அண்ணாச்சி. இத யாரு ஓட்டுனாலும் கொதிக்கும்" என்றார்.



வண்டியை மெதுவாக நகர்த்தி, அந்த ஊருக்குள் இருந்த மெக்கானிக் ரெங்கசாமியிடம் கொண்டுபோனோம். செத்த நேரம் ஆற விட்டார். பிறகு எஞ்சினை ஓட விட்டு, ஒரு செய்தித்தாளை ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தார்.

"ஃபேன் ஒழுங்கா இழுத்தா தாளு அப்படியே ஒட்டிக்கிடணும் அண்ணாச்சி."

கையை விட்டார். தாள் கொஞ்ச நேரம் நடுங்கியது. கீழே விழுந்துவிட்டது.

எஞ்சினை நிறுத்தச் சொல்லி, மேலிருந்து கையை விட்டு இறக்கையைத் தடவினார்.

"குழிவு பின்னாடில்லா இருக்கணும். இது முன்னாடி இருக்கு. காத்து வரும், ஆனா எம்புட்டு வரும்? ஊதுபத்திக்குப் பத்தும். எவன் மாட்டுனது?"



அவர் டார்ச் அடித்து, இடுக்கு வழியே பார்த்தார்.

"பொட்டு வேற வச்சிருக்கான். ரொம்பப் பக்தி உள்ள ஆளு போல."

குழிந்த பக்கத்தில்தான் பெயின்ட் வழியாமல் நின்றது. அதனால் பொட்டை அங்கே வைத்தேன். பொட்டு வைத்த முகம் எஞ்சினைப் பார்த்துக்கொண்டா இருக்கும்? ரோட்டைப் பார்க்கட்டும் என்று திருப்பி மாட்டினேன். நானே தேடிக்கொண்டது.

ரெங்கசாமி ஃபேனைத் திருப்பி மாட்டினார். இந்தத் தடவை தாள் ரேடியேட்டரில் அறைந்தது போல ஒட்டியது. மதுரை போய்த் திரும்பும் வரை முள் நடுவைத் தாண்டவில்லை.

மறுநாள் காலை மம்சாபுரம் போனேன். சூசை ஒரு தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங் பிடித்த கை இரண்டும் காய்த்துப் போயிருந்தன.

"ஃபேன் திரும்பி இருந்துச்சு சூசை."

"யாரு திருப்புனது?"

"நாந்தான்."

அவர் இன்னொரு தேங்காயை எடுத்தார். முழுதாக உரித்துக் கீழே போட்டார். 

"நாலு ஆபீசுலயும் சொன்னீகளாமே" என்றார்.

"ஆமா."

"அங்க வந்து மாத்திச் சொல்லுங்க. நான் பக்கத்துல நிப்பேன்."

போனோம். நாலு ஆபீசிலும் சொன்னேன். மூன்றில் தலையாட்டினார்கள். நாலாவதில் மட்டும் டீ வாங்கிக் கொடுத்துச் சிரித்தார்கள், என்னைப் பார்த்து.

வெளியே வந்ததும் சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். கையை மட்டும் மடக்கவில்லை.

"இன்னும் என்ன சூசை?"

"ஸ்பானர் பொட்டி. அதையும் குடுத்துருங்க மொதலாளி."

கொடுத்தேன். அந்த வண்டியை விற்கும் வரை அதில் நான் தொட்டது ஹாரன் ஒன்றைத்தான்.