பூட்டிய பாத்ரூமும் ஆர்கானிக் துண்டும்

குற்றாலத்தில் ஒரு ரிசார்ட்டின் பர்ச்சேஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். துண்டு, பெட்ஷீட், சோப்பு, துடைப்பம் எல்லாம் என் கை வழியாகத்தான் உள்ளே வரும். கடைசிக் காலத்தில் என்னைப் படாதபாடு படுத்தியது 'எத்திக்கல்' என்ற ஒரே வார்த்தை.

சென்னையிலிருந்து புதிதாக வந்த மேனேஜர் ஒரு நாள் கூப்பிட்டார். "மேடம், இந்த சீசன்ல எல்லாமே எத்திக்கலா வாங்கணும். தைக்கிறவங்கள நல்லா நடத்துற இடமாப் பாருங்க. அதைச் சொல்லி ரூமுக்கு ஒரு கார்டு அடிச்சு வைக்கப் போறோம்."

நல்ல விஷயம்தானே என்று தென்காசிக்குப் போனேன். வழக்கமான மொத்தக் கடைக்காரர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "அந்த ஸ்டிக்கரும் நம்மட்ட இருக்குக்கா. இலை படம் போட்டது வேணுமா, கை படம் போட்டது வேணுமா?"

"ஸ்டிக்கர் இல்ல அண்ணாச்சி. எங்கன தச்சது, யாரு தச்சாவன்னு தெரியணும்."

"தலை துவட்டுத துண்டுக்கு இவ்வளவு விசாரணையாக்கா?"

அடுத்த கடையில் பிளாஸ்டிக் வயர்க் கூடையைக் காட்டி, "பச்சைக் கலர்தான, இதுவும் இயற்கைதான்" என்றார்கள். தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கடைசியில் பண்பொழி ரோட்டில் ஒரு தையல் யூனிட் கிடைத்தது. ஆர்கானிக் துணி. வாசலில் பெண்கள் முன்னேற்றம் பற்றிப் பெரிய போர்டு. சுவர் முழுக்கக் கண்ணாடி போட்ட சான்றிதழ்கள். ஆர்டரை அங்கேயே கொடுத்திருப்பேன். முதலாளி போன் பேச வெளியே போனதால், துண்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த முத்துலட்சுமி என்ற பெண்ணின் பக்கத்தில் போய் நின்றேன். தகரக் கூரை, அனல். அவள் தண்ணீர் பாட்டில் திறக்காமல் அப்படியே இருந்தது.

"தண்ணி குடிக்கலாம்லா?"

அவள் தலை நிமிரவில்லை. "குடிச்சா எங்கன போவக்கா? பாத்ரூம் சாவி சூப்பர்வைசர்ட்ட இருக்கு. அந்தாள்ட்ட போயி கேக்க வெக்கமா இருக்கு. அதான் குடிக்கதில்ல."

அவள் பெயர் வெளியே வரக் கூடாதே என்று, எனக்கே பாத்ரூம் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனேன். கதவில் பூட்டு. முதலாளியிடம் ஏன் என்று கேட்டேன்.

"தொறந்து போட்டா உள்ள உக்காந்து போன் பாக்காளுவ மேடம். ப்ரொடக்‌ஷன் போயிரும்."

ஆர்டர் கொடுக்காமல் திரும்பினேன். மேனேஜருக்குக் கோபம். "சர்டிபிகேட் இருக்குல்ல? நாம என்ன பாத்ரூம் இன்ஸ்பெக்‌ஷனா பண்றோம்?"

"கார்டுல என்ன எழுதுவீங்க சார்? ஒண்ணுக்கு அடக்கிக்கிட்டு தச்ச துண்டுன்னா?"

நான் கொஞ்சம் பெருமையாகத்தான் வீட்டுக்குப் போனேன். மறுநாளே முத்துலட்சுமி எப்படியோ என் நம்பரைப் பிடித்துப் போன் போட்டாள்.

"அக்கா, ஆர்டர் வரலன்னு எங்கள்ல பாதிப் பேர வரவேண்டாம்னுட்டாவ. பாத்ரூமும் வேணும், வேலையும் வேணும்லாக்கா?"

எரிச்சலாக வந்தது. அவள் மேல் இல்லை. வாங்கினாலும் அவளுக்குத்தான் கஷ்டம், வாங்காவிட்டாலும் அவளுக்குத்தான் கஷ்டம். நான் மட்டும் நல்லவளாகிவிட்டேன்.

மறுபடி போனேன். "ஆர்டர் தாரேன். அந்தப் பூட்டை இப்பமே கழத்தி என் கையில தாங்க. சொல்லாம கொள்ளாம வருவேன். கதவு பூட்டியிருந்தா சரக்கு திரும்பி வரும்."

"துண்டு வாங்க வந்தீயளா, பூட்டு வாங்க வந்தீயளா?" என்று முணுமுணுத்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார்.

அடுத்த முறை போனபோது வரவேண்டாம் என்று சொல்லப்பட்டவர்கள் திரும்பியிருந்தார்கள், பூட்டும் இல்லை. பதிலுக்குக் கதவில் ஒரு நோட்டீஸ்: 'உள்ளே நேரத்தை வீணாக்காதீர்.' கிழித்தேன். அடுத்த தடவை புதிது ஒட்டியிருந்தார். அதையும் கிழித்தேன். அப்புறம் அவருக்கே அலுத்துவிட்டது.

துண்டுகள் ரூமுக்கு வந்ததும் ஒரு கெஸ்ட், சாயம் ஒரே சீராக இல்லை என்று புகார் எழுதினார். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

இன்று பார்த்துப் பார்த்துத் துணி வாங்குகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். டேக்கில் இருப்பதைப் படியுங்கள், தப்பில்லை. ஆனால், தைக்கிற பெண்கள் பாத்ரூம் போக யாரிடம் கேட்கவேண்டும் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் உடனே கடையை மாற்றி ஓடாதீர்கள். நின்று சண்டை போடுங்கள்.