மறைவில்லாத வீடு

விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினாலே போதும், அந்தச் சுவர் பாரம் தாங்குகிறதா, சும்மா நிற்கிறதா என்று சொல்லிவிடுவார் கொத்தனார். வீட்டின் உள்சுவர்களை இடித்து, அடுப்படி முதல் வாசல்வரை ஒரே கூடமாக்கித் தருவதில் அவர் கை பேர்போனது. வாடிக்கையாளர்களுக்கு மாதிரி காட்டவென்று முதலில் தன் வீட்டைத்தான் இடித்தார்.

கட்டிக்கொடுத்த மகள் கையில் ஒரு பையோடு திரும்பி வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஜன்னலோரக் கட்டில்தான் அவள் இடம். அழுகை முட்டினால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள்.

அன்று காலை மாதிரி வீட்டைப் பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள்.

"அடுப்புகிட்ட நின்னா வாசல்வரைக்கும் தெரியும் பாருங்க. மறைவுங்கிற பேச்சே கிடையாது" என்றார் கொத்தனார்.

வந்த அம்மாளின் பார்வை கட்டிலில் நின்றது. "இவங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"என் பொண்ணுதாம்மா. சும்மா வந்திருக்கா."

மகள் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள். அவர்கள் படியிறங்கியதும் எழுந்து துணிகளைப் பையில் அடுக்கத் தொடங்கினாள்.

"நான் அவர்கிட்டயே போறேன்ப்பா."

"கை நீட்டுறான்னு சொன்னியேம்மா."

"அங்க ஒரு ரூம் இருக்கு. கதவைச் சாத்திக்கிட்டா கொஞ்ச நேரமாவது நிம்மதி. இங்க வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் நான் காட்சிப்பொருள்."

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள்: "ஆறு வருஷமா நான் புடவை மாத்துறது பாத்ரூம்லதான். கேட்டா, 'காத்து நல்லா வருதுல்ல'ம்பாரு."

கொத்தனார் கூடத்தைக் கடந்து மகளிடம் வந்தார். கட்டிலருகே தரையில், பழைய சுவர் நின்ற தடம் கோடாகத் தெரிந்தது. இது எதையும் தாங்கவில்லை, இடிக்கலாம் என்று தட்டிப் பார்த்துச் சொன்னவர் அவர்தான்.

மத்தியானம் வீடு பார்க்க வரவிருந்தவரைப் போனில் அழைத்து, "வராதீங்க, வீட்ல வேலை நடக்குது" என்றார். கொல்லையில் மிஞ்சிக் கிடந்த செங்கற்களைச் சுமந்துவந்து, கட்டிலைச் சுற்றி நூல் பிடித்தார். சுவர் முழங்கால் உயரம் வந்தது, இடுப்பு உயரம் வந்தது. மடியில் பையோடு பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்:

"எத்தனை நாளாகும்?"

"பூச்சு பிறகு பாத்துக்கலாம். நாளைக்குக் கதவு மாட்டிடுவேன்."

"தாழ்ப்பாளை உள்பக்கமா வைங்க."

"சரிம்மா."

அவர் அடுத்த கல்லை எடுத்தார். அவள் பையைப் பிரிக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு கிளம்பவும் இல்லை.